போபாலுக்கு வராத சட்டம்

வேலை பார்த்துக்கொண்டே ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். நிறுவனப் பொறுப்பும் வணிகச் சட்டமும் என்பது பாடம். வாரநாளில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு, சனி ஞாயிறு வகுப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு படிக்க உட்கார்ந்தால் ஒரு வசதி இருக்கிறது. தெரியாததைக் கேட்க வெட்கம் வராது.

இந்தப் படிப்பில் நான் சேர்ந்ததற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் வருடாந்திர அறிக்கை தயாராகும்போது சமூகப் பொறுப்பு என்று ஒரு பக்கம் வரும். அதற்கான கணக்கைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, மருத்துவ முகாம், மரக்கன்று. போட்டோவோடு பக்கம் நிறைந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பக்கத்தை முடித்து அனுப்பும்போது மனதில் ஒன்று இடிக்கும்: பொறுப்பு என்றால் இதுதானா?

முதல் வகுப்பிலேயே பேராசிரியர் ஒரு பூட்ஸ் வியாபாரியின் கதையோடு ஆரம்பித்தார்.

லண்டனில் ஆரன் சாலமன் என்பவர் தோல் பூட்ஸ் செய்து விற்றுவந்தார். 1892இல் தன் வியாபாரத்தை ஒரு லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பங்குதாரர்கள் வேண்டும். அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள். ஏழு பேர் ஆயிற்று. மொத்தம் 20,007 பங்குகள். மனைவி மக்களுக்கு ஆளுக்கு ஒன்று, மீதி 20,001 அவருக்கு. கம்பெனி அவருக்கு 10,000 பவுண்டு கடன்பத்திரமும் கொடுத்தது. பிறகு கம்பெனி நொடித்தது. இருந்த சொத்து கடன்பத்திரத்துக்கே போதவில்லை; சரக்கு கொடுத்த மற்றக் கடன்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "கம்பெனியாவது ஒண்ணாவது, எல்லாம் சாலமன்தானே" என்று வழக்கு. கீழே இரண்டு நீதிமன்றங்களும் அதை ஒத்துக்கொண்டன. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்படி பதிவாகிவிட்டால் கம்பெனி வேறு, சாலமன் வேறு. கம்பெனியின் கடன் சாலமனின் கடன் ஆகாது.

உலகத்தின் பாதி வணிகச் சட்டம் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. அதில் தப்பும் இல்லை. வீட்டையும் நகையையும் பணயம் வைத்துத்தான் தொழில் தொடங்கணும் என்றால் பாதிப் பேர் தொடங்கவே மாட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் உட்காரும் நண்பர் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர். அவர் கையைத் தூக்கினார். "சார், சாலமன் கிட்ட சரக்கு கொடுத்தவன் லிமிடெட்னு போர்டு பார்த்துட்டுத்தான் கொடுத்தான். ஃபேக்டரி சுவருக்கு அந்தப் பக்கம் குடிசையில தூங்கறவன் எந்த போர்டைப் பார்த்தான்?"

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போபால் வழக்கை ஆரம்பத்திலிருந்து படிச்சிட்டு வாங்க. பருவக் கட்டுரைக்கு உங்க ரெண்டு பேருக்கும் அதான் தலைப்பு" என்றார். இந்தக் குறிப்புகள் அப்படி எழுதியவை.

பேட்டரிக் கம்பெனி

எங்கள் வீட்டு டார்ச் லைட்டில் எப்போதும் எவரெடி பேட்டரிதான் இருக்கும். ஒன்பது என்ற எண்ணுக்குள் பூனை பாயும் முத்திரை. அதைச் செய்தது யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட். 1934இல் பதிவான கம்பெனி. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷனிடம் அதன் பங்கில் 50.9 சதவீதம் இருந்தது. மீதி இந்திய அரசு நிதி நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும்.

இந்த 50.9 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்று சொன்னது. உயர் தொழில்நுட்பம் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் விலக்கு. போபாலில் செவின் என்ற பூச்சிமருந்தை, அதன் மூலப்பொருளான மெத்தில் ஐசோசயனேட்டோடு சேர்த்து உள்நாட்டிலேயே செய்வது அப்படிப்பட்ட தொழில்நுட்பம் என்ற கணக்கில் வந்தது. அதாவது பாதிக்கு மேல் பங்கை அந்தக் கம்பெனி வைத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணமே, மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும் என்பதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1984 டிசம்பர் 2 இரவு, 3 விடியும் முன், 610ஆம் எண் தொட்டியில் தண்ணீர் புகுந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் கொதித்து வெளியேறியது. தொட்டியைக் குளிரவைக்கும் கருவி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பழுதுக்காகக் குழாய் பிரிக்கப்பட்டு நின்றது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இலிருந்தே இந்த ஆலை ஊரை அழிக்கும் என்று எழுதிவந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் வந்த அதிகாரபூர்வக் கணக்கு 2,259 உயிர்கள். பிறகு மாநில அரசு அதை 3,787 ஆக்கியது. பின்னாளில் நஈடு தீர்ப்பாயங்கள் ஒப்புக்கொண்ட சாவு 5,295. பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்கப்பட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல்.

டிசம்பர் 7ஆம் தேதி அமெரிக்கத் தலைமை நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சன் போபால் வந்தார். கைது செய்தார்கள். அன்றைக்கே ஜாமீனில் விட்டார்கள். போனவர் திரும்பி வரவே இல்லை.

இந்திய நீதிமன்றம் வேண்டாம் என்ற இந்தியா

1985 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. போபால் பாதிக்கப்பட்டோர் எல்லோருக்காகவும் வழக்காடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே என்றது அது. பெற்றோர் இடத்தில் அரசு. லட்சக்கணக்கான ஏழைகள் தனித்தனியாக ஒரு பன்னாட்டுக் கம்பெனியோடு மல்லுக்கட்ட முடியாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அதே அரசின் நிதி நிறுவனங்கள் அந்தக் கம்பெனியில் பங்குதாரர்கள். அதே அரசுதான் ஆலைக்கு அனுமதி கொடுத்தது. பிள்ளை சார்பாக வழக்குப் போடும் தகப்பனுக்கு எதிராளியின் கடையிலும் பங்கு இருந்தால் எப்படி?

1985 ஏப்ரலில் இந்தியா நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அங்கே நடந்த வாதம் விசித்திரமானது. இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்கும் சக்தி எங்கள் நீதிமன்றங்களுக்கு இல்லை என்று இந்திய அரசு சொன்னது. இல்லை இல்லை, இந்திய நீதிமன்றங்கள் அருமையானவை என்று அமெரிக்கக் கம்பெனி சொன்னது. அதற்கு நானி பல்கிவாலாவின் பிரமாணப் பத்திரமும் கிடைத்தது. ஏன் இந்தத் தலைகீழ்? அமெரிக்க ஜூரி கொடுக்கும் நஈடும் இந்திய நீதிமன்றம் கொடுக்கும் நஈடும் மலையும் மடுவும். இரண்டு தரப்புக்கும் அது தெரியும்.

1986 மே 12இல் நீதிபதி ஜான் கீனன் வழக்கை இந்தியாவுக்கே அனுப்பினார். விபத்து, சாட்சி, ஆவணம் எல்லாம் இந்தியாவில். ஆகவே வழக்கும் அங்கேதான். கம்பெனிக்குச் சில நிபந்தனைகளும் போட்டார். இந்திய நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட வேண்டும், காலக்கெடு முடிந்தது என்று வாதிடக் கூடாது, இந்தியத் தீர்ப்பு வந்தால் பணத்தைக் கட்ட வேண்டும். 1987 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புப் பணத்தைக் கட்ட வேண்டும் என்ற அந்தக் கடைசி நிபந்தனையை நீக்கியது.

நியூயார்க்கில் இந்தியா வைத்த வாதம் ஒன்று எங்கள் பாடத்துக்கு முக்கியமானது. பன்னாட்டு நிறுவனம் என்பது நூறு பெயர்ப் பலகை மாட்டிய ஒரே கட்டிடம். முடிவு எடுப்பது ஒரு இடம், லாபம் சேர்வது ஒரு இடம், ஆபத்து மட்டும் வேறு நாட்டில் வேறு பெயரில். அந்த அபாயகரமான தொழில்நுட்பம் யாரிடம் இருந்ததோ அவர்தான் பொறுப்பு. 50.9ஐ வைத்துக்கொள்ளும்போது தொழில்நுட்பம் எங்களுடையது என்றவர்கள், வாயு கசிந்த பிறகு ஆலை உள்ளூர்க் கம்பெனியுடையது என்றார்கள். சாலமனின் பூட்ஸ் இங்கே நன்றாகவே பொருந்தியது.

டெல்லியில் ஒரு கசிவு

இதற்கு நடுவில் வேறு ஒன்று நடந்தது. 1985 டிசம்பர் 4, போபால் நடந்து ஒரு வருஷம் முடிந்த மறுநாள், டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற அமிலவாயு கசிந்தது. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் தொழில் செய்த ஒரு வழக்கறிஞர் இறந்துபோனார். அந்த ஆலைக்கு எதிராக எம்.சி. மேத்தாவின் மனு ஏற்கெனவே உச்ச நீதிமன்றத்தில் இருந்தது.

அன்றுவரை இந்த மாதிரி வழக்குக்கு நம்மிடம் இருந்தது ஒரு ஆங்கில விதி. 1868இல் ரைலண்ட்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதி செய்தது. லங்காஷயரில் ஒரு மில்லுக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்த வழக்கு. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தவன், அது தப்பித்துப் போய்ச் சேதம் செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விலக்குகள் உண்டு. இயற்கைச் சீற்றமாக இருந்தால் பொறுப்பில்லை. மூன்றாம் ஆள் செய்த வேலையாக இருந்தால் பொறுப்பில்லை.

இந்த இரண்டாவது விலக்கைக் கவனியுங்கள். யூனியன் கார்பைடு சொன்ன கதை, அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டார் என்பது. நாசவேலை என்று நிரூபித்துவிட்டால் பழைய விதிப்படி தப்பிக்க வழி உண்டு.

1986 டிசம்பர் 20இல் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு ஸ்ரீராம் வழக்கில் அந்த வழியை அடைத்தது. அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் பார்ப்பவன் அதன் சேதத்துக்கு முழுப் பொறுப்பு. விலக்கு கிடையாது. ஏன் கசிந்தது, யார் திறந்தது என்பதெல்லாம் பாதிக்கப்பட்டவனின் கவலை இல்லை. அடுத்து இன்னொன்றும் சொன்னது: நிறுவனம் எவ்வளவு பெரியதோ, நஈடும் அந்த அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் உறைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விதிக்கு நாம் ஏன் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும் என்ற தொனி அந்தத் தீர்ப்பு முழுக்க இருக்கிறது.

அந்த நேரத்தில் போபால் வழக்கு இந்தியாவுக்குத் திரும்பி, 1986 செப்டம்பரிலேயே போபால் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது. கேட்ட தொகை 330 கோடி டாலர். அடுத்து வரப்போவது போபால் என்று நீதிபதிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. போபாலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிதான் அந்த விதி இருந்தது.

ஒரு விஷயம், நான் முதல் தடவை படித்தபோது கவனிக்கத் தவறியது. ஸ்ரீராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அந்த விதியின்படி யாருக்கும் நஈடு தரவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள் என்று டெல்லி சட்ட உதவி வாரியத்திடம் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டது.

பத்து மாதம்

1987 டிசம்பர் 17இல் போபால் மாவட்ட நீதிபதி எம்.டபிள்யூ. தேவ், வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாது, இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கட்டுங்கள் என்று உத்தரவிட்டார். கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1988 ஏப்ரல் 4இல் நீதிபதி எஸ்.கே. சேத் தொகையை 250 கோடியாகக் குறைத்தார்.

குறைத்தார் என்று மட்டும் படித்துவிட்டுப் போனால் தப்பு. அவர் செய்தது அதைவிடப் பெரிய வேலை. முந்தைய உத்தரவு கருணையின் பேரில் கொடுத்த மாதிரி இருந்தது. இவர் அதைச் சட்டப்படியான பொறுப்பின் மேல் நிறுத்தினார். ஸ்ரீராம் விதியை எடுத்துக்கொண்டார். கம்பெனித் திரையை விலக்கிப் பார்த்தார். இந்தியக் கம்பெனியின் உண்மையான கட்டுப்பாடு அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது என்றார். நண்பர் வகுப்பில் கேட்ட கேள்விக்கு ஒரு நீதிபதி எழுதிய பதில் அது.

இரண்டு தரப்பும் உச்ச நீதிமன்றம் போயின. 1989 பிப்ரவரி 14. வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே தலைமை நீதிபதி ஆர்.எஸ். பதக் தலைமையிலான ஐந்து நீதிபதி அமர்வு சமரசத்தை அறிவித்தது. மொத்தம் 47 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். எல்லா சிவில் வழக்கும், எல்லா கிரிமினல் வழக்கும் முடிந்தது. கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. நியூயார்க் சந்தையில் கம்பெனியின் பங்கு விலை ஏறியது.

சேத் எழுதிய உத்தரவு பத்து மாதம் உயிரோடு இருந்தது. அதன்படி ஒரு ரூபாயும் யாருக்கும் வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டார்களா? இல்லை. 1989 டிசம்பரில் சரண் லால் சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே, சமரசத்துக்கு முன் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் 1985ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. 1991 அக்டோபர் 3இல் சீராய்வு மனுவில் கிரிமினல் வழக்குகளுக்கு மட்டும் உயிர் கொடுத்தது. தொகை மாறவில்லை. பணம் போதாவிட்டால் இந்திய அரசு போட வேண்டும் என்றது. அதாவது, நம் வரிப்பணம்.

சமரசத்துக்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கணக்கு சுமார் 3,000 சாவு. பின்னால் தலை எண்ணிக்கை ஏறியது, தொகை ஏறவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கையில் வந்தது 25,000 ரூபாய். அதுவும் 1990களில். மிச்சமிருந்ததைப் பிரிக்க உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்ட பிறகு இன்னொரு பங்கு அதே அளவுக்கு வந்தது. நுரையீரல் போய் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இதை மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்தேன். கணக்குப் பிரிவு ஆள், வேறு என்ன செய்யத் தெரியும். முதல் 25,000ஐ 240 மாதத்துக்கு வகுத்தால் 104 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் 208.

திரைக்குப் பின்னால் போனவர்கள்

கம்பெனிக்கு என்ன ஆயிற்று? ஆண்டர்சனும் அமெரிக்கக் கம்பெனியும் நீதிமன்றத்துக்கு வராததால் 1992இல் இந்தியாவில் இருந்த கம்பெனியின் பங்குகள் முடக்கப்பட்டன. 1994இல் அவற்றை விற்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பணம் போபாலில் மருத்துவமனை கட்டப் போனது; நல்லதுதான். ஆனால் கொல்கத்தாவின் மெக்லியாட் ரஸ்ஸல் பங்கை வாங்கியதோடு அமெரிக்கக் கம்பெனிக்கு இந்தியாவில் பிடித்துவைக்க ஒரு பிடிமானமும் இல்லாமல் போயிற்று. யூனியன் கார்பைடு இந்தியா, எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. 2001இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியை டவ் கெமிக்கல் வாங்கியது. பங்குகளை வாங்கினோம், பழைய பொறுப்பு யூனியன் கார்பைடுடையது, அது தனிக் கம்பெனியாகவே இருக்கிறது என்பது டவ்வின் நிலை. நூறு வருஷம் கழித்தும் பூட்ஸ் தேயவில்லை.

கிரிமினல் வழக்கு? 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் குறைத்து 304ஏ பிரிவுக்கு, அதாவது கவனக்குறைவால் மரணம் என்பதற்குக் கொண்டுவந்தது. லாரி மோதினால் அன்று போட்டுவந்த அதே பிரிவு. அன்று அதற்கு அதிகபட்சம் 2 வருஷம். 2010 ஜூன் 7இல் ஏழு முன்னாள் இந்திய அதிகாரிகளுக்கு அந்த 2 வருஷம் கிடைத்தது. உடனே ஜாமீன். இந்தியக் கம்பெனிக்குச் சுமார் 5 லட்சம் அபராதம். நாடே கொதித்த பிறகு மத்திய அரசு கூடுதல் தொகை கேட்டுக் கியூரேட்டிவ் மனு போட்டது. 2023 மார்ச் 14இல் அதுவும் தள்ளுபடி. சீராய்வின்போது எடுப்பதாகச் சொன்ன காப்பீட்டை அரசு எடுக்கவே இல்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆண்டர்சன் 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் காலமாகியிருந்தார்.

சட்டம் எங்கே போனது

அப்படியானால் ஸ்ரீராம் விதி வீணா? இல்லை. அது கட்டுப்படுத்தும் சட்டமா, போகிறபோக்கில் சொன்ன கருத்தா என்ற சந்தேகம் உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே வந்தது. 1996 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. எச் அமிலம் செய்த ஆலைகள் கிணற்றுத் தண்ணீரையெல்லாம் கெடுத்த வழக்கு. இதுதான் சட்டம், முழுப் பொறுப்பு என்றது நீதிமன்றம். அதே வருஷம் ஆகஸ்டில் நம்மூர்த் தோல் தொழிற்சாலைகளின் வழக்கு, வேலூர் மக்கள் நல மன்றம் போட்டது. கெடுத்தவன் செலவு செய்யணும் என்ற கொள்கை அதில் நிலைத்தது. பாலாறு படித்துக்கொடுத்த பாடம் அது. இரண்டு தீர்ப்பும் பகவதி போட்ட வரப்பில்தான் நடந்தன.

ஆனால் தீர்ப்பு வந்தால் பணம் வந்துவிடுமா? பிச்ரியில் ஆலைக்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடி, 37 கோடி ரூபாய்க்கு மேல், கூட்டுவட்டியோடு கட்டு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம்.

சட்டப்புத்தகமும் தடித்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்குத் தனி அத்தியாயம். 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே நிவாரணம் தரும் சட்டம். அதன் அட்டவணையில் ஒரு சாவுக்கு எழுதியிருந்த தொகை 25,000 ரூபாய்.

2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தது. மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை 50 கோடி கட்டச் சொன்னது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உத்தரவில் தீர்ப்பாயம் குறிப்பிட்டது கண்டிப்பான பொறுப்பு என்ற பழைய சொல்லை. விலக்குகள் உள்ள 1868ஆம் வருஷச் சொல். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் நாமே உண்டாக்கிய முழுப் பொறுப்பு என்ற சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. சட்டக்காரர்கள் பலர் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள்.

அந்தப் பக்கம்

கட்டுரையை முடித்துக் கொடுத்தபோது பேராசிரியர் கேட்டார்: "சரி, இதிலிருந்து உங்க ஆபீஸுக்கு என்ன எடுத்துட்டுப் போறீங்க?"

நான் யோசித்துச் சொன்னது இது. நாங்கள் வருடாவருடம் எழுதும் அந்தச் சமூகப் பொறுப்புப் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. தொழிலின் வழக்கமான போக்கில் செய்யும் வேலை எதையும் அந்த 2 சதவீதத்தில் சேர்க்கக் கூடாது. முதலில் எனக்கு அது வெறும் கணக்கு விதியாகத்தான் தெரிந்தது. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. லாபத்தில் கொடுப்பது ஒரு பொறுப்பு. லாபம் வரும் வழியில் பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்லாமல் இருப்பது இன்னொரு பொறுப்பு. முதலாவதை எவ்வளவு செய்தாலும் இரண்டாவதற்கு ஈடாகாது. முதலாவதற்குத்தான் அறிக்கையில் பக்கம் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. இரண்டாவதற்குக் குளிர்சாதனக் கருவி ஓடுகிறதா, கோபுரத்தின் குழாய் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு நோட்டுதான் இருக்கிறது. போபாலில் செலவைக் குறைக்க முதலில் கைவைத்தது அந்த நோட்டில்.

நண்பர் சிரித்தார். "அந்த நோட்டை எழுதறவன் நான்தாங்க. வருஷத்துல ஒரு தடவையாவது ஃபைனான்ஸ் ஆளுங்க அதைத் திறந்து பார்த்தா போதும்."

எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. பதினான்கு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் திறந்ததில்லை. பழுதுபார்க்க ஒதுக்கிய தொகையை வெட்டிய பட்டியல்கள் மட்டும் என் கையெழுத்தில் போயிருக்கின்றன. அடுத்த திங்கட்கிழமை அந்த நோட்டைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். படிப்புக்கு என்றேன்.

பருவத் தேர்வு வந்தது. பத்து மதிப்பெண் கேள்வி: கண்டிப்பான பொறுப்புக்கும் முழுப் பொறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. ரைலண்ட்ஸ், ஸ்ரீராம், விலக்குகள், பிச்ரி, எல்லாம் வரிசையாக எழுதினேன். நேரம் மிச்சம் இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த விதி உருவாகக் காரணமாக இருந்த ஊரில் இந்த விதியின்படி நஈடு பெற்றவர் எவரும் இல்லை.

அதற்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்று தெரியாது. எழுதாமல் பேப்பரைக் கொடுக்க மனசு வரவில்லை.